அழித்துவிட்டேன் என்று சொன்ன அண்ணனுக்கு

அண்ணே,

கல்யாணம் நிச்சயமான மகனைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தாய் நாலு வார்த்தை சொல்ல வேண்டும். நம் அம்மா சொல்ல மாட்டார். மருமகள் வரப்போகிறாள் என்ற சந்தோஷத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையின் பாரம்கூடத் தெரியாமல் மலையேறிக்கொண்டிருந்தவர், இப்போது யாரோடும் பேசாமல் வேலைக்குப் போய் வருகிறார். அப்பா இருந்திருந்தால் அவராவது சொல்லியிருப்பார். இரண்டு பேருக்கும் பதிலாக நான் எழுதுகிறேன். நேரில் உன்னை எப்போதும் 'நீங்க' என்றுதான் பேசுவேன். இந்தக் கடிதத்தில் மட்டும், அம்மா எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பாரோ அப்படி, 'நீ' என்று எழுதுகிறேன். நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பின் வெளிச்சத்தைக் குறைத்துப் போர்வைக்குள் வைத்துத் தட்டிக்கொண்டிருக்கிறேன். நம் லயத்தில் வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே இருக்கும் சுவர் கூரையைத் தொடாது, உனக்குத் தெரியும். பக்கத்து வீட்டில் புரண்டு படுத்தாலும் இங்கே கேட்கும். இந்த எழுத்துப் பொத்தான்களின் சத்தமும் கேட்டுவிடும் என்று ஒவ்வொன்றாக மெதுவாக அமுக்குகிறேன்.

பயமாக இருக்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயில் முன்னால் கூட்டம். அங்கே எல்லோருக்கும் முன்னால் நின்று, பள்ளிக்கூட வேன்காரரைப் பற்றி எழுதியது நான்தான், அது பொய் என்று நான் சொல்ல வேண்டும். அம்மா சொல்லச் சொல்கிறார். தோட்டத் தலைவரும் அப்படியே எதிர்பார்க்கிறார். நீயும் போனில் அதைத்தான் கேட்டாய். மற்ற இருவரும் கேட்டது எனக்கு வலிக்கவில்லை. நீ கேட்டதுதான் வலிக்கிறது, ஏனென்றால் அதை எழுத போனில் ஆப் செய்து கொடுத்தவன் நீ, அழிக்கப் பொத்தான் வைத்துக் கொடுத்தவனும் நீ.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பொங்கல் லீவில் நீ கொழும்பிலிருந்து வந்து எனக்குச் சொல்லிக் கொடுத்த விளையாட்டு நினைவிருக்கிறதா? நீ அறைக்குள் உட்கார்ந்துகொண்டாய். நான் வாசலில் நின்றேன். நான்தான் போன், நீதான் போன் கேட்பதை எடுத்துத் தரும் சர்வர். நான் ஒன்றைக் கேட்டால் நீ எண்ணில் பதில் சொல்ல வேண்டும். பிஸ்கட் கேட்டேன், 200 என்று சொல்லிப் பிஸ்கட்டை நீட்டினாய். கேக் கேட்டேன், 404, இங்கே அப்படி ஒன்றுமில்லை என்றாய். பிறகு, 'அந்தத் தட்டுல இருக்குற முறுக்க அழிங்க' என்றேன். நீ அதை எடுத்து வாயில் போட்டு மென்றுவிட்டு 204 என்று மட்டும் சொல்லிப் பேசாமல் இருந்தாய்.

"அதுக்கு மேல ஒன்னும் சொல்ல மாட்டீங்களாண்ணே?"

"204ன்னா அவ்வளவுதான் புள்ள. கேட்டத செஞ்சாச்சு, மேல சொல்ல ஒன்னுமில்லன்னு அர்த்தம்."

"பேசாம இருந்தா செஞ்சிட்டாங்கன்னு எப்புடி நம்புறது?"

"சர்வர் பொய் சொல்லாது."

"அத எழுதுறவரு சொன்னா?"

நீ வாய் நிறைய முறுக்கோடு சிரித்தாய். அம்மா அடுப்படியிலிருந்து, "மிச்ச முறுக்கையும் அழிச்சிராதடா, சாமிக்கு வச்சிருக்கேன்" என்று கத்தினார்.

நீ அந்த ஆப்பை ஏன் செய்தாய் என்பதை நான் மறக்கவில்லை. நம் தோட்டத்தில் யார்மீது குறை இருந்தாலும் தலைவரிடம் சொல்ல வேண்டும். அவர் அதைக் கோயில் முன்னால் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுவார். சொன்னவரும் சொல்லப்பட்டவரும் எதிரெதிரே நிற்க வேண்டும். பெரியவர்களுக்கு அது நியாயமாக இருக்கலாம். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அப்படி நிற்க முடியாது என்று நீதான் சொன்னாய். போனில் பெயர் சொல்லாமல் முறைப்பாடு எழுதலாம், யார் எழுதியது என்பது தலைவருக்கு மட்டுமல்ல, எனக்கே தெரியாது என்று கோயில் மைக்கில் சொன்னாய். எல்லோரும் கை தட்டினார்கள். அன்று எனக்கு வந்த பெருமை, நீ வேலை கிடைத்து முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை வாங்கி வந்தபோதுகூட வந்ததில்லை.

அந்த ஆப்பை முதலில் சோதித்துப் பார்த்தது நான். இந்த லேப்டாப்பில் ஒரு சோதனைப் பக்கம் வைத்துக் கொடுத்தாய். போனில் தெரியாத எண்களெல்லாம் அதில் தெரியும். 204 வந்தால் சர்வர் ஒரு சொல்லும் அனுப்பாது, அதனால் ஆப்தான் தன் பங்குக்கு ஒரு வரி காட்ட வேண்டும், நல்ல தமிழில் எழுதிக் கொடு என்று கேட்டாய். 'உங்கள் முறைப்பாடு முழுமையாக அழிக்கப்பட்டது' என்று எழுதிக் கொடுத்தேன். 'முழுமையாக' என்ற சொல்லை நானாகத்தான் சேர்த்தேன். பயந்துகொண்டு அழிக்கும் பிள்ளைக்கு அந்தச் சொல் தைரியம் கொடுக்கும் என்று நினைத்தேன். நீ படித்துப் பார்த்து, "அருமையா இருக்கு, அப்படியே போடுறேன்" என்றாய். அழிக்கக் கேட்டது உள்ளேயே கிடக்கப்போகிறது என்பது அப்போதே உனக்குத் தெரியும். அந்தச் சொல்லை நீ எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை.

வேன்காரரைப் பற்றி நான் எழுதியது முழுவதும் உண்மை. தோட்டத்தின் மேல் டிவிஷனில் முதலில் ஏறுகிற பிள்ளை நான், அதனால் முன் சீட்டு எனக்கு. பள்ளி விட்டு ஹட்டனிலிருந்து திரும்பும்போது கியருக்குப் பக்கத்தில் ஒரு தண்ணீர்ப் போத்தல் இருக்கும். அதில் இருப்பது தண்ணீர் இல்லை என்பது மூடியைத் திறந்ததுமே மூக்குக்குத் தெரியும். நோட்டன் பிரிட்ஜ் பக்கம் இறங்குகிற வளைவுகளில் பனி மூடிக் கிடக்கும்போது அவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போத்தலை எடுப்பார். ஒருநாள் எதிரே வந்த கொழுந்து லொறியைக் கடைசி நிமிடத்தில்தான் பார்த்தார். பின்னால் இருந்த சின்னப் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். "ஒன்னுமில்ல, ஒன்னுமில்ல, ரோட்டுல பள்ளம்" என்றார். அன்று மாலைதான் எழுதினேன். முன் சீட்டிலிருந்து பார்த்தேன் என்றும் எழுதிவிட்டேன். உண்மையைச் சொல்லும்போது எங்கிருந்து பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் என நினைத்தேன்.

அதற்குப் பிறகுதான் உனக்குப் பெண் பார்த்தார்கள். வேன்காரரின் தங்கை. அண்ணியை எனக்கு முன்பே பிடிக்கும், இப்போதும் பிடிக்கும். தட்டு மாற்றிய அன்று வேன்காரர் வந்து என் தலையில் கை வைத்து, "இனிமே நீ எங்க வீட்டுப் புள்ள" என்றார்.  வீட்டுக்கு வந்ததும் முறைப்பாட்டை அழித்தேன். நான் எழுதிக் கொடுத்த வரி திரையில் வந்தது. அப்போதும் மனம் கேட்கவில்லை. லேப்டாப்பைத் திறந்து சோதனைப் பக்கத்தில் அதே முறைப்பாட்டின் எண்ணைப் போட்டு இன்னொரு தடவை அழிக்கச் சொன்னேன். 404 வந்தது. அப்படி ஒன்று இல்லை என்றது உன் சர்வர். அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன். அதே வேனில் வருகிற தர்ஷினியும் அவளோடு படிக்கும் இன்னொரு பிள்ளையும் தாங்களும் வேன்காரரைப் பற்றி எழுதியிருப்பதாகச் சொல்லி என்னிடம் அழுதபோது, "அழிச்சிருங்க, ஒன்னுமே இருக்காது, நான் ரெண்டு தடவ பாத்துட்டேன்" என்று சொன்னேன். தரம் எட்டில் படிக்கிற பிள்ளைகள், அண்ணே. நான் சொன்னதால் அழித்தார்கள்.

போன கூட்டத்தில் என்ன நடந்தது என்று உனக்குத் தலைவர் சொன்னது ஒரு விதம். நான் அங்கே இருந்தேன். தலைவர் போனைக் கை நீளத்துக்குப் பிடித்துக்கொண்டு கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார்.

"இந்தா பாருங்க, இதுல மூனு மட்டும் வெளுத்துப்போய்க் கெடக்கு. ரொம்ப நாளா யாரும் கவனிக்காம விட்டது போல. மொதல்ல இதுகள முடிப்போம்."

"தலைவரே, கண்ணாடிய தொடைங்க. எங்க மூஞ்சிகூட ஒங்களுக்கு வெளுப்பாத்தான் தெரியும்" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவர் படிக்கத் தொடங்கினார். என் வார்த்தைகள். தண்ணீர்ப் போத்தல், கொழுந்து லொறி, முன் சீட்டு. சிரிப்பு நின்றுபோனது. தலைவர்மீது எனக்குக் கோபமில்லை. வெளுத்த எழுத்து என்றால் எழுதியவரே வேண்டாம் என்று எடுத்துக்கொண்டது என்பதை நீ அவருக்குச் சொல்லவில்லை. அவர் அதை யாரும் பார்க்காமல் விட்ட குறை என்று எண்ணிக் கடமையாகப் படித்தார். வேன்காரரின் அம்மா எழுந்து, "எவ அவ, அந்த முன் சீட்டுக்காரி?" என்று கேட்டார்.  எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். மற்ற இரண்டையும் அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். அடுத்த கூட்டம் என்பது இந்த ஞாயிறு.

இப்போது நான் பஸ்ஸில் போகிறேன். பஸ்ஸுக்காக நிற்கும் இடத்தில் வேன் மெதுவாகும். "என்னம்மா கங்காணி, முன் சீட்டு காலியாத்தானே கெடக்கு? வந்து காவல் பாக்கலியா?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டுப் போவார். உள்ளே இருக்கிற பிள்ளைகள் சிரிக்க வேண்டும் என்று அவர்களைத் திரும்பிப் பார்ப்பார். தர்ஷினி சிரிக்க மாட்டாள். ஜன்னல் வழியாக என்னைப் பார்த்துக்கொண்டே போவாள். எங்களுடையதும் அழியவில்லையா என்று கேட்கிற பார்வை அது.  அம்மாவிடம் சொன்னால், "வாய மூடிக்கிட்டு இரு புள்ள. அண்ணன் கல்யாணம் முடியட்டும்" என்கிறார்.

உன்னிடம் பதில் இருக்கும் என்று காத்திருந்தேன். நீ அம்மாவின் போனில் கூப்பிட்டாய்.

"அது நீதான்னு எனக்குத் தெரியும் புள்ள."

"எப்புடிண்ணே?"

"போன் நம்பர் இருக்குல்ல."

"நம்பர் ஒங்களுக்கே தெரியாதுன்னு மைக்குல சொன்னீங்களே?"

"வெளிய தெரியாது. தலைவர் கேட்டாரு, டேட்டாபேஸ்ல பாத்தேன்."

"நான்தான் அழிச்சிட்டேனே."

"அது சாஃப்ட் டிலீட்டும்மா. அழிச்சதா ஒரு அடையாளம் மட்டும் போட்டு வச்சிருக்கும். எல்லா எடத்துலயும் அப்படித்தான் செய்வாங்க. ஒனக்குச் சொன்னா வெளங்காது."

"எனக்கு வெளங்கும்ணே."

 பிறகு சொன்னாய்: "இதுவும் நல்லதுக்குத்தான்னு நெனச்சுக்க. நீயே அழிச்சதுக்குப் பதிவு இருக்கு. ரெண்டு தடவ அமுக்கியிருக்க. அத எடுத்து தலைவருக்கு அனுப்புறேன். பொய்யா எழுதிட்டா, அதான் அவளே அழிச்சிட்டான்னு ஆயிரும். ஞாயித்துக்கெழம நீயும் ஒரு வார்த்த சொல்லிரு. அதோட முடிஞ்சிரும்."

அண்ணே, நான் அழித்ததை நீ அழிக்கவில்லை. ஆனால் நான் அழித்தேன் என்பதை மட்டும் பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறாய், என்னைப் பொய்க்காரியாகக் காட்டுவதற்கு. நான் பயந்ததற்கான சாட்சியை, நான் பொய் சொன்னதற்கான சாட்சி என்று மாற்றுகிறாய். இதை வேன்காரர் செய்திருந்தால் எனக்கு ஆச்சரியம் இல்லை.

எனக்கு விளங்காது என்றாய். விளங்கியதைச் சொல்லுகிறேன். எழுதியதை உடனே அழிக்காமல் வைத்திருக்கக் காரணம் இருக்கலாம். கை தவறி அழித்தவர் திரும்பக் கேட்கலாம். விசாரணை நடுவில் இருக்கலாம். அதனால் வைத்திருந்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. வைத்துக்கொண்டே 204 என்று சொல்லி வாயை மூடிக்கொண்டதுதான் தப்பு. அதற்கென்று வேறு பதில் இருக்கிறது, நீயே சொல்லிக் கொடுத்ததுதான். 202 என்று சொல்லியிருக்கலாம்: கேட்டுக்கொண்டேன், இன்னும் செய்து முடிக்கவில்லை. இல்லையென்றால் 200 சொல்லி அதோடு நாலு வரி அனுப்பியிருக்கலாம்: உன் கண்ணிலிருந்து எடுத்துவிட்டோம், தலைவர் இன்னும் பார்க்க முடியும், உன் நம்பர் எங்களிடம் இருக்கிறது, முழுதாக அழியும்போது சொல்லி அனுப்புவோம் என்று. அழிக்கவே முடியாத நிலை என்றால் 409 சொல்லிக் காரணத்தையும் சொல்லியிருக்கலாம். அந்த வரிகளைப் படித்திருந்தால் நான் அன்றைக்கே உனக்கு போன் செய்திருப்பேன். தர்ஷினிக்குத் தைரியம் சொல்லியிருக்க மாட்டேன்.

இரண்டாவது தடவை வந்த 404 இன்னும் மோசம். வேறு யாரோ என் முறைப்பாட்டைத் தேடி வந்தால், அப்படி ஒன்று இல்லை என்று சொல்லு. அது எனக்குக் காவல். எழுதியவளே வந்து, போய்விட்டதா என்று கேட்கும்போது, உள்ளே வைத்துக்கொண்டு இல்லை என்று சொல்வது காவல் இல்லை. உண்மையாகவே அழித்திருந்தால், மறுபடி கேட்கும்போது 204 சொன்னாலும் சரி, 404 சொன்னாலும் சரி, இருந்தது, இப்போது இல்லை என்று 410 சொன்னாலும் சரி. எதைச் சொன்னாலும் மெய்யாக இருக்கும். எந்த எண் என்பதில் எனக்கு வாதம் இல்லை. அந்த எண்ணை நம்பி ஒரு பிள்ளை அடுத்து என்ன செய்வாள் என்று நீ ஒருமுறை யோசித்திருக்க வேண்டும்.

நம் நாய் மணியைச் சிறுத்தை தூக்கிக்கொண்டு போன காலத்தை நினைத்துப் பார். நான் அழுவேன் என்று, வேறு தோட்டத்துக்குப் போயிருக்கிறது, வந்துவிடும் என்று நீ சொன்னாய். நான் தினமும் வாசலில் சோறு வைத்தேன். அது தெரிந்ததும் அம்மா உன்னைத் திட்டினார்: "இல்லன்னா இல்லன்னு சொல்லுடா. அது அழுதா அழுதுட்டுப் போவட்டும். நீ ஒன்னு சொல்லி, அத நம்பி அது சோத்த வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்குது பாரு." நீ என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு உண்மையைச் சொன்னாய். இரண்டு பேரும் அழுதோம். அப்போது நீ கெட்டவன் இல்லை, பிள்ளை அழுவதைப் பார்க்க முடியாதவன். இப்போதும் அதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன். கஷ்டமான பதிலைச் சொல்ல வேண்டிய இடத்தில் உனக்கு வாய் வருவதில்லை. கல்யாணத்துக்கு முன்னால் இதைத் தெரிந்துகொள். நாளைக்கு அண்ணி ஒன்று கேட்பார். செய்ய முடியாது என்றால் முடியாது என்று சொல்லு, பாதிதான் செய்தேன் என்றால் பாதி என்று சொல்லு. பேசாமல் தலையாட்டிவிட்டுப் போனால், முடிந்துவிட்டது என்று நம்பி அவர் தன் வாழ்க்கையை அதன்மேல் வைப்பார். வேன் விஷயத்தையும் அவரிடம் நீயே சொல்லு. தன் அண்ணனைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று நினைக்காதே.

இனி நான் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். சனிக்கிழமைக்குள் தர்ஷினியும் மற்றப் பிள்ளையும் எழுதியதை உண்மையாக அழி. அடையாளம் போட்டு வைக்காதே. காப்புப் பிரதியிலும் விடாதே. அவர்களுடைய நம்பரையும், அவர்கள் அழித்த நேரத்தையும் சேர்த்து அழி. முடிந்த பிறகு, என்ன செய்தாய் என்று இரண்டு பேருக்கும் விளங்குகிற மாதிரி எழுதி அனுப்பு. அந்த வரியை நான் எழுதித் தர மாட்டேன், நீயே எழுது. அவர்கள் எழுதியதும் நான் எழுதியதும் ஒன்றுதான் என்று எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தலைவர் அவற்றைப் படித்தால் நான் சொல்வது பொய்யில்லை என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். எனக்கு வேறு சாட்சி இல்லை. தெரிந்துதான் அழிக்கச் சொல்லுகிறேன். அழிந்துவிடும் என்று அவர்களுக்கு வார்த்தை கொடுத்தது நான்.

என்னுடையதை அழிக்காதே. பயந்து அழித்தேன், பொய் என்பதற்காக அழிக்கவில்லை என்று கோயில் முன்னால் சொல்லப்போகிறேன்.  அம்மா அழுவார். அண்ணியின் வீட்டார் எழுந்து போகலாம், உன் கல்யாணம் நின்றும் போகலாம். ஆனால் திங்கட்கிழமை காலை அந்த வேன் மேல் டிவிஷனுக்கு வந்து பிள்ளைகளை ஏற்றும், மாலையில் அதே வளைவுகளில் இறங்கும். நான் அழித்ததற்கான அந்தப் பதிவை நீ எடுத்துக்கொண்டு வருவதென்றால் வா. தலைவருக்கு அனுப்பாதே. எனக்கு எதிரே வந்து நின்று, என் தங்கச்சி பொய் சொல்கிறாள் என்று உன் வாயால் சொல்லு.